தோட்டத்து மணிக்கு ஆறு

போன வாரம் என் தம்பி மகள் செல்போனை என் மடியில் வைத்து, "அத்தை, உங்க டேட் ஆஃப் பர்த், ப்ளேஸ், டைம் மூணும் சொல்லுங்க. உங்க கேரக்டர் என்னன்னு இதுவே சொல்லிரும்" என்றாள்.

அறுபத்து நாலு வயதில் என் குணம் என்ன என்று எனக்கு ஒரு செல்போன் சொல்ல வேண்டியிருக்கிறது, பாருங்கள். உங்கள் வீடுகளிலும் இந்தக் கூத்து நடந்துகொண்டுதான் இருக்கும். நம் அப்பா அம்மா பழனிக்குப் போய் ஜோசியர் வாசலில் அரை நாள் காத்துக் கிடந்தார்கள். இந்தப் பிள்ளைகள் காப்பி ஆறுவதற்குள் கட்டம் போட்டுவிடுகிறார்கள்.

தேதியைச் சொன்னேன். இடம் தாண்டிக்குடிப் பக்கம் என்றேன். நேரம் காலை அஞ்சேகால் என்றேன்.

ஜன்னலோரம் வெயிலில் உட்கார்ந்து பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்த என் அம்மா, தலையை நிமிர்த்தாமலே, "என்னத்த அஞ்சேகாலு? ஆறுல்ல" என்றாள்.

"அது தோட்டத்து மணிம்மா. கழிச்சுத்தான சொல்றேன்" என்றேன்.

உரித்த பீன்ஸ் அம்மாவின் கையிலேயே நின்றுவிட்டது. எண்பத்தைந்து வயதுக்காரி, ஏதோ மறதியில் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அந்த முகம் மறந்தவள் முகம் இல்லை. வாய் தவறிச் சொன்னவள் முகம்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதைச் சொல்வதற்கு முன்னால், தோட்டத்து மணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எஸ்டேட்டில் வளர்ந்த உங்களில் சிலருக்கு இது புதிதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருந்த காப்பித் தோட்டத்தில் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கும் மேனேஜர் பங்களாவுக்கும் நடுவே ஒரு சில்வர் ஓக் மரம். அதில் இரண்டு முழத் தண்டவாளத் துண்டு ஒன்று கம்பியில் தொங்கும். ரயிலே ஏறாத மலைக்குத் தண்டவாளம் எப்படி ஏறியது என்று யாருக்கும் தெரியாது. காவல்காரர் இரும்பு போல்ட்டால் அதை அடிப்பார். அதுதான் பெல். ஆறு மணி பெல்லுக்கு எழுந்து, ஏழு மணி பெல்லுக்கு வேலைக்கு நிற்க வேண்டும்.

அந்த மணி ஊர் மணியைவிட முக்கால் மணி நேரம் முன்னால் ஓடியது. எப்போதோ இருந்த ஒரு துரை, வெளிச்சம் வீணாகிறது, ஆட்கள் வெள்ளனே எழுந்து வரட்டும் என்று கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்தாராம். துரை கப்பலேறிப் போய், அவரிடம் வாங்கிய முதலாளியும் விற்றுவிட்டுப் போய், மணி மட்டும் யாரும் திருத்தாமல் அப்படியே நின்றுவிட்டது. எங்களுக்கு இரண்டு மணி உண்டு. ஒன்று தோட்டத்து மணி, இன்னொன்று கீழே ஊர்களில் ஓடும் கீழ மணி. ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் தோட்டத்து மணிக்கு ஏழே முக்காலுக்கு ரோட்டில் நின்றால் போதும். சின்னப் பிள்ளைகூட விரலை மடக்காமல் இந்தக் கணக்கைப் போடும். யாராவது நேரம் சொன்னால், "எந்த மணிக்கு?" என்றுதான் முதலில் கேட்போம்.

என் அப்பா தோட்டத்து ஜீப் டிரைவர். கீழே பழனிக்கு மலைவாழைத் தாரும் மிளகும் ஆரஞ்சும் இறக்கிவிட்டு, அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றி வருவார். பஞ்சாமிர்தக் கடைகளுக்கு அந்த மலைவாழைதான் வேண்டும், வேறு பழம் செல்லாது. அப்பாவின் சட்டையில் பெட்ரோலும் பழுத்த வாழையும் கலந்து ஒரு வாசனை இருக்கும். இன்றைக்கும் பெட்ரோல் பங்கில் நிற்கும்போது எனக்குப் பாதி வாசனைதான் வருகிறது என்று தோன்றும். எங்கள் லைனில் கைக்கடிகாரம் கட்டிய ஒரே ஆள் அவர். அதில் எப்போதும் கீழ மணிதான் ஓடும்.

நான் பிறந்த கதையை எங்கள் வீட்டில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்கள். கார்த்திகை மாசம், நல்ல பனி. அம்மாவுக்கு வலி எடுத்ததும் அப்பா இருட்டோடு ஜீப்பை எடுத்துக்கொண்டு போய், கீழ் ஊர் டிஸ்பென்சரி நர்ஸம்மாவை அழைத்து வந்தார். நர்ஸம்மா வந்து கால் மணி நேரத்துக்குள் நான் வந்து விழுந்தேன். மணி ஆறு. அந்த ஆறைக் கொண்டுபோய் பழனி ஜோசியரிடம் கொடுத்து, எனக்கு ஒரு வயது முடிந்ததும் ஜாதகம் எழுதினார்கள். கோடு போட்ட நோட்டு, நாலு மூலையிலும் மஞ்சள், தகரப் பெட்டியில் அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் கிடந்தது.

அதில் எனக்கு விருச்சிக லக்னம் என்று எழுதியிருந்தது. விருச்சிகம் என்றால் தேள்.

ஒரு பிள்ளைக்குத் தேள் என்று பேர் விழுந்துவிட்டால் அப்புறம் அது என்ன பேசினாலும் கொட்டுதான். நான் கொஞ்சம் வாய்க்காரி, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் மாமா, அம்மாவின் அண்ணன், வரும்போதெல்லாம் "பிள்ளைகளுக்கு ஒண்ணும் வாங்க நேரமில்ல" என்பார். ஒருநாள் நான், "சட்டைப்பையில வெத்தல வாங்குன பொட்டலம் இருக்கே மாமா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். "பாத்தியா, தேளு" என்று அம்மா என் தொடையில் கிள்ளினாள். தம்பி இதையே சொல்லியிருந்தால் சமர்த்து என்று தூக்கிக் கொஞ்சியிருப்பார்கள். அவன் அப்போது கைக்குழந்தை, பேச்சு வரவில்லை, தப்பித்தான்.

எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைக்கக் கூடாது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்ததும், அம்மா வேலைக்குப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்து அந்த நோட்டை எடுத்துப் படிப்பேன். "சொல் கூர்மை. பிடிவாதம். மனதில் வைத்திருந்து பேசுவாள்" என்று எழுதியிருக்கும். என்னைப் பற்றி யாரோ எழுதியிருக்கிறார்களே என்று பெருமை. அதைப் படித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கூர்மையாகப் பேசிப் பார்ப்பேன். வாய் இருந்ததால் நோட்டு அப்படி எழுதியதா, நோட்டைப் படித்து வாய் வளர்ந்ததா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எனக்கு ஒன்பது வயது முடிந்த கார்த்திகையில்தான் அது நடந்தது.

காப்பிப் பழம் எடுக்கிற காலம். களத்தில் காயும் பழத்தின் புளித்த வாசனை வீடு வரைக்கும் வரும். அடுத்த நடை பழனிக்குப் போகும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அப்பா சொல்லியிருந்தார். நான் முந்தின நாளே பாவாடையைத் துவைத்துக் கொடியில் போட்டு, அது மூட்டத்தில் காயாததால் அடுப்புக்கு மேலே பிடித்துக் காய வைத்து, புகை வாசனையோடு கட்டிக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து மேனேஜர் வீட்டு விருந்தாளி ஒருவர் ஊருக்குக் கிளம்பினார். முன் சீட்டு அவருக்குப் போய்விட்டது. பின்னால் வாழைத்தார்.

"அடுத்த நடை கட்டாயம் கூட்டிட்டுப் போறேன் தாயி" என்றார் அப்பா.

"ஒண்ணும் வேண்டாம். போங்க. திரும்பி வராமலே போங்க" என்றேன் நான்.

அம்மா ஓங்கி ஒரு அறை வைத்தாள். அப்பா சிரித்தார். "விடு, தேளு கொட்டிருச்சு" என்று சொல்லிவிட்டு ஜீப்பை எடுத்தார்.

மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. விருந்தாளியைக் கீழே இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பி வரும்போது, பலா மரத்து வளைவில் சேற்றில் வழுக்கி ஜீப் சரிந்துவிட்டது. அந்தப் பலா மரம் மட்டும் தாங்கவில்லையென்றால் அப்பா இல்லை. கம்பளியில் தூளி கட்டி நாலு பேர் தூக்கி வந்தார்கள். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. நான் கதவு மூலையில் நின்றேன். அவர் கண்ணைத் திறந்து என்னைத்தான் தேடினார் என்று பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழனி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அப்பாவைப் படுக்க வைத்துவிட்டு, அம்மாவும் மாமாவும் அப்படியே ஜோசியர் வீட்டுக்கும் போய் வந்தார்கள். அடுப்படியில் அவர்கள் பேசியதை நான் வெளியே விறகு அடுக்கிக்கொண்டே கேட்டேன்.

"லக்னத்துல சூரியன் உக்காந்துக்கிட்டு தகப்பனைப் போட்டுப் படுத்துறானாம். பிள்ளைக்குப் பன்னெண்டு வயசு முடியிற வரைக்கும் தகப்பனும் அதுவும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கக் கூடாதுன்னுட்டாரு. இருந்தா அடுத்த தடவ காலோட போகாதாம்" என்றார் மாமா.

அம்மா அழவில்லை. "அப்ப அனுப்பிருவோம்ணே" என்றாள். அவ்வளவு வெரசா சொன்னாள். அதை நான் பல வருஷம் மன்னிக்கவில்லை. இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் அவளுக்கு அன்றைக்கு முப்பது வயது. புருஷன் படுக்கையில், கையில் ஒரு குழந்தை, லைன் வீடு தோட்டத்துக்காரருடையது. முப்பது வயதில் நாமெல்லாம் என்ன யோசித்தோம் என்று நினைத்துப் பாருங்கள்.

எனக்கு ஜோசியர் சொன்னது புதிதாகவே இல்லை. நான் போகச் சொன்னேன், அவர் போய்விட இருந்தார். நோட்டில் வேறு எழுதியிருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கொடைக்கானலில் என் அத்தை, அப்பாவின் தங்கை, ஒரு மிஷன் பள்ளி ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்தார். வேதக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தவர். ஜாதகம் என்றாலே முகத்தைச் சுளிப்பார். "உங்க அம்மாவுக்கும் மாமனுக்கும் வேற சோலி இல்ல" என்று என் துணிப்பையை வாங்கி வைத்தார். ஹாஸ்டலுக்குப் பின்னால் ஒரே அறை, தகரக் கூரை. அங்கேதான் இருந்தேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள்.

மார்கழிக் குளிரில் காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது. யூகலிப்டஸ் இலையைப் போட்டு வெந்நீர் கொதிக்கும். அடுப்பில் ரொட்டி வேகிற வாசனை. அதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் பேசவில்லை. நம்ப மாட்டீர்கள், மூன்று மாசம் கேட்ட கேள்விக்குப் பதில் தவிர வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்று பயம். "எங்க அண்ணன் மக சரியான சாது" என்று அத்தை ஹாஸ்டல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். தோட்டத்தில் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

மாசி மாசத்தில் ஒருநாள் அப்பா வந்தார். மாவுக்கட்டுப் பிரித்து, காப்பிக் கம்பை ஊன்றிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த நான், அத்தை அறைக்குள் அவர் உட்கார்ந்து காப்பி குடிப்பதை வாசலிலிருந்து பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏ புள்ள, உள்ள வா. நனையிற" என்றார் அத்தை.

நான் நகரவில்லை.

"உள்ள வா தாயி" என்றார் அப்பா.

"வர மாட்டேன். நீங்க வெளிய வாங்க" என்றேன். "ஒரே கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது."

அத்தைக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது. கம்பை ஊன்றி எழுந்து, சாரலிலேயே வெளியே வந்து, விறகுக் கட்டை மேல் உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில் போகாமல் நாலடி தள்ளி நின்றேன்.

"நான்தானப்பா போகச் சொன்னேன்" என்றேன். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. மூன்று மாசம் வாயை மூடி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

ஹாஸ்டல் சுவரில் பெரிய கடிகாரம் ஒன்று இருக்கும். அப்பா நிமிர்ந்து அதைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை விலக்கித் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பவும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். பஸ்ஸுக்கு நேரம் பார்க்கிறார், சீக்கிரம் போய்விடுவார் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அவர் அந்த அறைக்குள் திரும்பப் போகவில்லை. ஈரத்தோடே கிளம்பிப் போனார்.

பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தார். இந்தத் தடவை கையில் புது நோட்டு. மூலையில் மஞ்சள் இன்னும் ஈரம் காயாமல் இருந்தது.

"இங்க வா. இதப் படி" என்றார்.

ராசிக் கட்டத்தைப் பார்த்தேன். எல்லாக் கிரகமும் பழைய இடத்திலேயே இருந்தது. லக்னத்தைக் காட்டுகிற "ல" என்ற எழுத்து மட்டும் தேள் கட்டத்திலிருந்து ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தது. துலாம்.

"நீ தேளே இல்ல தாயி. தராசு" என்றார் அப்பா. "நீ பொறந்தப்ப ஆறு மணி பெல் அடிச்சது. நாங்க அந்த ஆறை அப்படியே ஜோசியர்கிட்ட குடுத்துட்டோம். அது தோட்டத்து மணி. கீழ மணிக்கு அப்ப அஞ்சேகால்தான். இத்தன வருஷம் பஸ்ஸுக்குக் கழிச்சோம், பிள்ளைக்குக் கழிக்க மறந்துட்டோம்."

"அப்ப கூரை?" என்றேன்.

"அதெல்லாம் அந்த ஜாதகத்துக்கு. இந்த ஜாதகத்துக்கு அப்பனும் மகளும் ஒரே தட்டுல சாப்பிடலாம்னு ஜோசியரே சொல்லிட்டாரு. துணியெல்லாம் எடு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அத்தை அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல்லை யாரோ தூக்கி வெளியே போட்டது மாதிரி இருந்தது. பஸ் பெருமாள்மலை தாண்டுவதற்குள் நான் பேச ஆரம்பித்து, வீடு போய்ச் சேரும் வரைக்கும் நிறுத்தவில்லை என்று அப்பா சாகும் வரை சொல்லிச் சிரித்தார்.

நாங்கள் போய் இறங்கியபோது முதல் மழைக்குக் காப்பி பூத்திருந்தது. மலைச்சரிவு முழுக்க வெள்ளை, மல்லிகைக் கடைக்குள் நுழைந்த மாதிரி வாசனை. அம்மா என்னைக் கட்டிப் பிடித்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "வந்துட்டியா, போய்க் கால் கழுவு" என்றாள். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. நான் வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை என்றே நினைத்தேன்.

அதற்குப் பிறகு தோட்டத்தில் நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். அப்பா சொன்ன விஷயம் லைன் முழுக்கப் பரவிவிட்டது. அங்கே பிறந்த அத்தனை பிள்ளைகளுக்கும் பெல்லை வைத்துத்தானே நேரம் குறித்திருந்தார்கள்? ஒவ்வொரு வீட்டிலும் நோட்டு வெளியே வந்தது. காவல்காரரைப் பிடித்துக்கொண்டு, "என் மகன் பொறந்த அன்னிக்கு நீ பெல்லைச் சரியா அடிச்சியா, தூங்கிட்டு அடிச்சியா?" என்று சண்டை. பத்துப் பொருத்தமும் பார்த்துக் கல்யாணம் முடித்த ஒரு ஜோடிக்குப் புது நோட்டில் பாதிப் பொருத்தம்தான் தேறியது. அந்தப் பெண், "மூணு பிள்ளைக்கப்புறம் இதத் தெரிஞ்சு நான் என்ன செய்ய?" என்று நோட்டைத் தூக்கி அடுப்பில் போட்டாள். அந்த வருஷம் பழனி ஜோசியர் வீட்டுக்கு எங்கள் ஆட்கள் தைப்பூசக் கூட்டம் மாதிரி போய் வந்தார்கள்.

அப்பா திரும்ப ஜீப் ஓட்டிய முதல் நாள் எனக்கு இன்னும் உள்ளூரப் பயம்தான். அவர் முன் சீட்டைத் துடைத்து, "ஏறு" என்றார். பலா மரத்து வளைவு வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். "கண்ணத் தொற. மரத்துல காய் புடிச்சிருக்கு, எண்ணு" என்றார். பதினொன்று எண்ணினேன். அதற்குள் வளைவு தாண்டிவிட்டது.

இரண்டு விஷயம் மட்டும் அந்தக் காலத்தில் எனக்குப் பிடிக்காமல் இருந்தது. ஒன்று, எங்கள் வீட்டில் சாயங்காலச் சாப்பாடு எப்போதும் தாமதம். அடுத்த வீட்டில் எல்லாம் விளக்கு வைத்ததும் சோறு வெந்துவிடும். அம்மா லைன் கடைசியில் போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருப்பாள். ஜீப் சத்தம் கேட்ட பிறகுதான் உலை வைப்பாள். "பசிக்குதும்மா" என்றால், "பொறு" என்பாள். ஒரு வருஷம் இல்லை, கிட்டத்தட்ட மூன்று வருஷம்.

இன்னொன்று, எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்த வாரம். அம்மா என்னையும் தம்பியையும் பழனிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அடிவாரத்தில் எங்களை ஒரு கடையில் உட்கார வைத்துவிட்டுப் போனவள், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி அவளுக்கு. நான் அவமானத்தில் செத்தேன். "யாரக் கேட்டு இப்படிப் பண்ணுன?" என்றேன். "நேந்துக்கிட்டது" என்றாள். "எதுக்கு?" என்றேன். "எதுக்கோ. உனக்கென்ன சோலி?" என்றாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவளோடு சேர்ந்து நடக்காமல் பத்தடி பின்னால் நடந்தேன்.

பிறகு நான் படித்தேன், அத்தை இருந்த ஊருக்கே ஹாஸ்டல் வார்டனாக வந்தேன், முப்பத்தோரு வருஷம் பெண்பிள்ளைகளின் சண்டையைத் தீர்த்தேன். அந்தப் புது நோட்டு என்னோடேயே வந்தது. நான் ஜோசியத்தை நம்புகிறேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் வருஷா வருஷம் கார்த்திகையில் என் நட்சத்திரத்தன்று அதை எடுத்துப் படிப்பேன். "இரு பக்கமும் கேட்பாள். ஒருதலையாகத் தீர்ப்பு சொல்ல மாட்டாள்" என்று அதில் இருக்கிறது. அந்த வருஷம் நான் அப்படி இருந்தேனா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். பல வருஷம் இருக்கவில்லை. ஒருமுறை திருட்டுப் பட்டம் கட்டி ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப டிரங்குப் பெட்டியைக்கூடக் கட்டச் சொல்லிவிட்டேன். கடைசி நிமிஷம் அந்த வரி ஞாபகம் வந்து, அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். எடுத்தது அவள் இல்லை. வாய் நுனிக்கு வருகிற பேச்சையெல்லாம் நான் விழுங்கியது அந்த நோட்டை நம்பித்தான். தராசுக்காரி தேள் மாதிரிப் பேசக் கூடாது அல்லவா?

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன்.

தம்பி மகள் செல்போனோடு காத்திருந்தாள். நான் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "சொல்லும்மா. ஆறுன்னா எந்த மணிக்கு ஆறு?" என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பீன்ஸ் தோலையே கிளறிக்கொண்டிருந்தாள்.

"கீழ மணிக்குத்தான். நர்ஸம்மா நெஞ்சுல குத்தியிருந்த வாட்சப் பாத்து ஆறுன்னாங்க" என்றாள்.

"அப்ப பெல்லு?"

"பெல்லு அடிச்சப்ப நீ எங்க பொறந்த? எனக்கு வலிதான். நர்ஸம்மாவே வந்து சேரல. உங்கப்பா அவங்களக் கூட்டிக்கிட்டு ஜீப்புல பாதி வழியில வந்துக்கிட்டு இருந்தாரு."

அறுபது வருஷமாகக் கேட்ட கதைதான். இருட்டோடு போய் நர்ஸம்மாவை அழைத்து வந்ததும், அவர்கள் வந்த பிறகு நான் பிறந்ததும் எனக்கு மனப்பாடம். ஒருநாளும் அதைப் பெல்லோடு சேர்த்துப் பார்த்ததில்லை. விறகுக் கட்டை மேல் சாரலில் உட்கார்ந்து இரண்டு கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்த அப்பாவின் முகம் இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் பஸ்ஸுக்கு நேரம் பார்க்கவில்லை.

"அப்பா பொய் சொன்னாரா?"

"கொடைக்கானல்லருந்து நனைஞ்சு வந்து நின்னாரு. பிள்ளை கூரைக்குள்ள வர மாட்டேங்குதுன்னாரு. ரெண்டு நாள் சாப்பிடல. மூணாம் நாளு, 'ஏ, அவ பொறந்தப்ப பெல் அடிச்சதுல்ல?'ன்னு என்னக் கேட்டாரு. நான் அவரு மூஞ்சியப் பாத்தேன். அடிச்சதுன்னு சொல்லிட்டேன்."

"மத்தவங்க எல்லாருக்கும் திருத்துனது?"

"அவங்களுக்கு அது சரிதான். உனக்கு மட்டுந்தான் பொய்."

தம்பி மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. தோட்டம் முழுக்கத் தேள் எது, தராசு எது என்று திருத்தி வைத்த மனிதர், தன் மகளுக்கு மட்டும் கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறார். ஆனால் அப்பாவைப் பற்றி நினைத்தது அதோடு நின்றுவிட்டது. அவருக்கு ஜாதகத்தில் அவ்வளவு பிடிப்பு கிடையாது. அம்மா அப்படி இல்லை. அவள் அந்த ஜோசியர் சொன்னதை வேத வாக்காக நம்பினாள். நம்பித்தானே என்னை அனுப்பினாள்?

"ஏம்மா, பழைய ஜாதகந்தான் நெசம்னு உனக்குத் தெரியும். அப்பாவுக்கு ஆகாதுன்னும் நீ நம்புன. பிறகு எப்படிம்மா என்னையும் அவரையும் ஒரே வீட்டுல வச்சிருந்த? பயமா இல்லையா?"

"பயமில்லாம?" என்றாள் அம்மா. "ஜீப்பு சத்தம் காதுல விழுகுற வரைக்கும் எனக்கு அடுப்புல கை ஓடாது. நீ பசிக்குதுன்னு கத்துவ. அதுக்காக உன்ன மறுபடி அனுப்பவா சொல்ற? முருகன்கிட்ட சொல்லிட்டேன். நாங்க ரெண்டு பேரும் சேந்து பொய் சொல்லிருக்கோம், பிள்ளைக்குப் பன்னெண்டு முடியிற வரைக்கும் நீ பாத்துக்க, என் முடியத் தாரேன்னேன்."

பழனி பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், சந்தனம் பூசிய மொட்டைத் தலைக்குப் பத்தடி பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்த பெண்ணை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எண்பத்திரண்டு வயது வரைக்கும் இருந்தார். கடைசிப் பத்து வருஷம் என் வீட்டில், என் கூரைக்குக் கீழே.

"இத்தன வருஷம் ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ கொட்டுவ" என்றாள்.

அவள் கூந்தல் இப்போது நரைத்துக் கொட்டி, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொண்டை. அது அவிழ்ந்து கிடந்தது. பின்னால் போய் உட்கார்ந்து அதை எடுத்து முடிந்துவிட்டேன். இரண்டு தடவை முடிய வேண்டியிருந்தது.

"அத்தை, டைம் எத போட? ஆறா, அஞ்சேகாலா?" என்றாள் தம்பி மகள்.

"அஞ்சேகால்" என்றேன்.

அம்மா மீதி பீன்ஸை உரிக்க ஆரம்பித்தாள்.